லிஃப்ட் தலைவருக்கு ஒரு பொன்னாடை

தலைமை தாங்கும் தகைமையாளர், ஜார்ஜ்டவுன் தமிழ்க் கலை இரசிகர் மன்றத்தின் தன்னிகரில்லாத் தலைவர், தேர்தல் வந்தாலும் தேயாதவர், தீர்மானம் வந்தாலும் சாயாதவர், அண்ணன் யுகேந்திரன் அவர்களே; வரவைக் கண்டால் வணங்கி, செலவைக் கண்டால் முறைக்கும் பொருளாளர் தம்பி கோகுலன் அவர்களே; சந்தனமும் குங்குமமும் பன்னீரும் கற்கண்டும் ஏந்தி வாசலிலே விளக்காய் நின்ற மகளிர் பிரிவுத் தலைவி அக்கா ஜெகதீஸ்வரி அவர்களே; முன் வரிசையில் முழங்கால் வலியோடு வீற்றிருக்கும் மூத்தோர்களே; பின் வரிசையில் கைப்பேசியோடு வீற்றிருக்கும் இளையோர்களே; ஜுருவிலிருந்தும் புக்கிட் தெங்காவிலிருந்தும் வேலை முடிந்த கையோடு சீருடைகூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே; ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, மறு கையால் தொடையில் தட்டியாவது எனக்குக் கைதட்டப்போகும் தாய்மார்களே;

இவர்கள் எல்லாருக்கும் நடுவே, ரோஜா மாலைக்குள்ளிருந்து பாதி முகம் மட்டும் தெரிய, மௌனத்தையே மகுடமாகச் சூடி அமர்ந்திருக்கும் இன்றைய சிறப்பு விருந்தினர் அவர்களே. உங்களோடு வந்த காரணத்தால் இரண்டாம் வரிசையில் வடைத் தட்டோடு உட்கார வைக்கப்பட்டிருக்கும் கார் ஓட்டுநர் தம்பி இத்ரீஸ் அவர்களே. அனைவருக்கும் என் பணிவான, பாசமான, கொஞ்சம் குறும்பான வணக்கம்.

சிறப்பு விருந்தினரை மட்டும் நான் பெயர் சொல்லி அழைக்கவில்லை. கவனித்தீர்களா? மறதி இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஏன் என்று முடிக்கும்போது சொல்கிறேன். அதுவரைக்கும் யாரும் எழுந்து போகக் கூடாது. சாப்பாட்டுக் கூடத்தின் சாவி என்னிடம் இருக்கிறது.

நான் ரீத்தா. மன்றத்தின் துணைச் செயலாளர். பகலில் காப்புறுதி அலுவலகம், மாலையில் கல்யாண மேடை அறிவிப்பு. உங்களில் பாதிப் பேருடைய கல்யாணத்தில் "மணமக்கள் மேடைக்கு வருகிறார்கள்" என்று சொன்ன வாய் இந்த வாய்தான். சில மணமக்கள் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு: பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் நடிப்பு இருந்ததா? தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி நிற்கிறது பாருங்கள், அதைப் போட்டவர் தலைவர். அந்தக் கேள்விக்குறியை இன்றைக்குக் கழற்றித் தலைவர் கையிலேயே கொடுக்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

கதையைக் கேளுங்கள். போன வாரம் மாமாக் உணவுக் கடையில் செயற்குழு கூடியது. இந்த ஆண்டு "நடிப்புச் செம்மல்" விருது யாருக்கு என்று பேச்சு. நான் சொன்னேன், சின்னையா அண்ணனுக்கு. தலைவர் ரொட்டிச் சானாயைப் பிய்த்த கையோடு நிமிர்ந்து பார்த்தார். "எந்தச் சின்னையா? லிஃப்ட் ரிப்பேர்ல வந்தாரே, அந்தக் காமெடியா?" என்றார். அவரேதான் என்றேன். அப்போது தலைவர் உதிர்த்த பொன்மொழியை இந்த அவைக்கு அப்படியே தருகிறேன்: "ரீத்தா, அழுதா நடிப்பு. அழ வச்சா பெரிய நடிப்பு. சிரிக்க வைக்கிறதுக்கு எதுக்குலா நடிப்பு? வாயக் கோணினா போதும். வாழப்பழத் தோலுல வழுக்கி விழுந்தா போதும்."

நான் கேட்டேன்: "அண்ணே, நீங்ககூட போன திருவிழால கோயில் படியில வழுக்கி விழுந்தீங்க. ஒருத்தரும் சிரிக்கலயே?"

சிரிக்காதீர்கள், தலைவருக்கு இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

வாக்குவாதம் வளர்ந்தது, தேநீர் ஆறியது, குழு இரண்டாகப் பிளந்தது. கடைசியில் தலைவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். நம் மன்றத்தின் மரபு உங்களுக்குத் தெரியும். அழுது நடித்தவருக்குப் பொன்னாடை. சிரிக்க வைத்தவருக்கு ஹம்பர் கூடை. பிஸ்கட் டின், மைலோ டின், ஒரு பாட்டில் சர்பத், மேலே சிவப்பு நாடா. "நீ மேடையில பேசு. அது நடிப்புதான்னு என் வாயால சொல்ல வச்சிட்டின்னா, என் கையாலயே பொன்னாடை போத்துறேன். இல்லன்னா வழக்கம்போல ஹம்பர்" என்றார். அதோ பாருங்கள், மேடை ஓரத்து மேசையில் இரண்டும் இருக்கின்றன. தட்டில் பொன்னாடை. பக்கத்தில் ஹம்பர். சின்னையா அண்ணனுக்கு இரண்டில் எது என்பது இன்னும் முடிவாகவில்லை.

அன்றைக்கே அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சொன்னார்: "ஹம்பர் வேணாம்மா. வீட்ல ஏற்கெனவே ஹம்பர் கூடைங்க அடுக்கிக் கெடக்கு, பூன அதுல குட்டி போட்டு வச்சிருக்கு. ஒருவாட்டியாச்சும் மைக்குல என்னைய நடிகர்னு கூப்புடட்டும். கூப்புட்டா மேடைக்கி வர்றேன். காமெடின்னு கூப்புட்டா, அப்பிடியே எந்திரிச்சி வீட்டுக்குப் போயிருவேன்." நான் வாக்குக் கொடுத்தேன். "வாங்கண்ணே, கூப்புடுவாங்க. முன்வாசல் வழியா வாங்க" என்றேன்.

பெரியோர்களே, இந்தத் தொடரைத் தெரியாத பிள்ளைகள் பின்னால் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் வாரம் ஒரு மாலை நம் வீடுகளில் அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்து பார்த்த தொடர் «லிஃப்ட் ரிப்பேர்». ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே லிஃப்ட் என்றைக்கும் வேலை செய்யாது. குடியிருப்போர் சங்கத் தலைவர் கதிரேசன், லிஃப்ட் பழுது என்பதை என்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவ்வளவுதான் கதை. அந்தத் தலைவர் கதிரேசன்தான் நம் சின்னையா அண்ணன். தலை நிறையப் பொய்முடி, முகம் நிறைய மீசை, கண் நிறையக் கண்ணாடி. புக்கிட் தெங்காத் தொழிற்சாலையில் வாரம் முழுக்க ஷிப்ட் சூப்பர்வைசர், சனி ஞாயிறு வந்தால் சங்கத் தலைவர்.

பட்டர்வொர்த்தில் வாடகைக்கு எடுத்த ஒரு கிடங்கில்தான் படப்பிடிப்பு. ஒட்டுப்பலகையில் லிஃப்ட். சிரிப்பு மட்டும் அசல். பைராம் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் ஆட்களை அழைத்து வந்து எதிரே பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அவர்கள் சிரித்தால் சிரிப்பு, சிரிக்காவிட்டால் சவ அமைதி. தலைவர் அவர்களே, சொல்லுங்கள். எது கடினம்? கண்ணுக்குக் கீழே கிளிசரினைத் தடவிக்கொண்டு அழுவதா, விடியும் முன்பே எழுந்து ரப்பர் பால் வெட்டிவிட்டுக் களைத்து வந்த மக்களைக் கண்ணெதிரே சிரிக்க வைப்பதா? அழுகைக்கு வயலின் துணை உண்டு, மழை துணை உண்டு, மருத்துவமனைக் கட்டில் துணை உண்டு. சிரிப்புக்கு என்ன துணை உண்டு? முகம் உண்டு. நேரம் உண்டு. அந்த முகமும் நேரமும் ஒரு நொடி விலகினால் அவமானம் உண்டு.

நம் முன்னோர் மெய்ப்பாடுகளை எட்டாக அடுக்கினார்கள். முதலில் எதை வைத்தார்கள்? அழுகையையா? நகையை வைத்தார்கள், ஐயா, நகையை. அழுகைக்கு இரண்டாம் இடம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வரிசை போட்டு வைத்துவிட்டார்கள். நாம்தான் முதலாவதுக்கு ஹம்பரும் இரண்டாவதுக்குப் பொன்னாடையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கோகுலன் தம்பி காதில் என்னவோ சொல்கிறார். ஒரு நிமிடம்.

"அக்கா, சுருக்கமா முடிங்க. டத்தோ அடிக்கடி கடிகாரத்தப் பாக்குறாரு" என்கிறார். பார்க்கட்டும், தம்பி. டத்தோ பட்டம் வாங்கிய சிறப்பு விருந்தினர் கடிகாரம் பார்ப்பதும், பேச்சாளர் அதைப் பார்க்காததும் மேடை மரபு. அவர் பார்க்கும் அழகை நீங்களும் பாருங்கள், அவையோரே. சட்டைக் கையை மெல்ல விலக்குகிறார். மணிக்கட்டைத் திருப்புகிறார். பெருமூச்சு ஒன்றைப் பாதியில் நிறுத்திப் பண்போடு விழுங்குகிறார். என்ன கம்பீரம். தலைவர் தம் வரவேற்புரையில் சொன்னது நினைவிருக்கிறதா? "டத்தோ அவர்கள் காரிலிருந்து இறங்கிய விதத்திலேயே கண்டுகொண்டேன். அந்த நடை, அந்தப் பார்வை, அந்த நிதானம், இதெல்லாம் இரத்தத்திலே வர வேண்டும். எப்பேர்ப்பட்ட நடிகராலும் இதை நடித்துக் காட்ட முடியாது." அருமையான வரி. நானே கைதட்டினேன். அதை அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். தலைவர் கதிரேசனிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த நாற்காலியில் உட்காரும் முன்னும் அதன் முதுகைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். சங்கத்துத் தளவாடங்களை நம்பாத தலைவர். அதற்கு ஒரு வசனமும் கிடையாது. ஆனால் வாரா வாரம் அந்த நாற்காலி ஆடும், பைராம் தோட்டத்து பெஞ்சும் ஆடும். அதே செயலை வாரா வாரம் செய்து, வாரா வாரம் புதிதாகச் செய்வதற்குப் பெயர் என்ன? நம் வீட்டில் ஒரே கதையை இரண்டாம் முறை சொன்னால் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்களே.

ஒருமுறை தலைவர் கதிரேசனே லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். கதவில் இருந்த கண்ணாடி வழியே இடுப்பு வரைக்கும் தெரிகிறார். வெளியே குடியிருப்பு முழுக்கக் கூடி நிற்கிறது. "தலைவரே, லிஃப்ட் நின்னுபோச்சா?" என்று கேட்கிறார்கள். அவர் உள்ளிருந்து சொல்கிறார்: "நிக்கல. ஓய்வெடுக்குது." பெஞ்சிலிருந்து சிரிப்பு வெடித்தது. அடங்கவில்லை. அடுத்த வசனம் பேச முடியவில்லை. இங்கேதான் நடிப்பு இருக்கிறது, தலைவர் அவர்களே, இந்த இடத்தில்தான். சிரிப்பு ஓயும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் காத்திருப்பதாகத் தெரியக் கூடாது. லிஃப்டுக்குள் இருப்பவருக்கு எதிரே பெஞ்சு இருப்பதே தெரியக் கூடாது. அண்ணன் என்ன செய்தார்? மெல்லத் திரும்பி, லிஃப்ட் பொத்தான்களில் இருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். மாட்டிக்கொண்ட நேரத்திலும் சங்கச் சொத்தைச் சுத்தம் செய்கிறார். சிரிப்பு ஓயாமல் இன்னும் ஏறியது. ஒரு பாட்டியம்மா பெஞ்சிலிருந்து நழுவிவிட்டார்கள்.

வேறொரு பகுதியில் அவர் தேநீர் குடிப்பார். கிடங்கில் அடுப்பு கிடையாது, அது காலையில் போட்டு ஆறிப்போன தேநீர். அதை ஊதினார் பாருங்கள், விளிம்பை உதட்டால் தொட்டு விலக்கினார் பாருங்கள், முன்னால் இருந்த ஒரு தாய் எழுந்து நின்று, "பாத்துக் குடிங்க சாமி, சுட்டுறப் போவுது" என்றார். அது வசனத்தில் இல்லை. தொடரில் அப்படியே வந்தது.

நானும் ஒரே ஒரு பகுதியில் நடித்தேன். ஏன் சிரிக்கிறீர்கள்? கல்யாணக் கோலத்தில் லிஃப்டுக்குக் காத்து நிற்கும் மணப்பெண். வசனமே இல்லை. வாயே திறக்காத பாத்திரம். என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுவே மகத்தான நடிப்பு என்று புரியும். ஒத்திகையில் நான் கண்ணை உருட்டினேன், உதட்டைக் கடித்தேன், முந்தானையைத் திருகினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னையா அண்ணன் பக்கத்தில் வந்தார். "காமெடி பண்ணாதம்மா. நீ நெசமாவே மேல போவணும். மேல மாப்புள காத்துக்கிட்டு இருக்காரு. அத மட்டும் நெனச்சிக்க. சிரிக்கிறது அவங்க வேல, நம்ம வேல இல்ல" என்றார். அன்றைக்கு நான் அசையாமல் நின்று லிஃப்ட் கதவையே பார்த்தேன். கிடங்கு அதிர்ந்தது. நகைச்சுவை நடிப்பைப் பற்றி இதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை.

தலைவர் கதிரேசன் கோமாளி இல்லை, ஐயா. கோமாளி என்று அவருக்கே தெரிந்திருந்தால் நாம் சிரித்திருக்க மாட்டோம். அவர் தம் குடியிருப்பை நேசித்தார். தம் பதவியை நம்பினார். ஒருநாள் அந்த லிஃப்ட் மேலே போகும் என்று மெய்யாகவே எதிர்பார்த்தார். அந்த நம்பிக்கையைச் சின்னையா அண்ணன் ஒரு பகுதியில்கூடக் கேலி செய்யவில்லை. அதனால்தானே ஊர் மக்கள் ஏமாந்தார்கள்? ஜுருப் பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் தொழிற்சாலை வாசலிலேயே வந்து அவரை மறித்தார்கள். "தலைவரே, எங்க புளோக்கு லிஃப்டும் வேல செய்யல, கொஞ்சம் சொல்லுங்கலா." அவர் நான் தலைவர் இல்லை, நடிகன் என்றார். யார் கேட்டார்கள்? விட மாட்டேன் என்றார்கள். கடைசியில் அண்ணன் பொதுத் தொலைபேசியில் காசைப் போட்டு, சம்பந்தப்பட்டவர்களை அழைத்து, கதிரேசன் குரலில் நாலு வார்த்தை பேசினார். மறுநாள் ஆள் வந்து லிஃப்டைச் சரிசெய்துவிட்டுப் போனான். நம் நாட்டில் நடிப்பால் ஓடிய ஒரே லிஃப்ட் அதுதான் என்று நினைக்கிறேன்.

கோகுலன் தம்பி மறுபடி வருகிறார். முகம் வெளுத்திருக்கிறது. சொல்லுங்கள் தம்பி.

அப்படியா?

சரி, போய் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். அவையோரே, பொருளாளர் ஒரு சந்தேகம் கேட்டார். நல்ல சந்தேகம். அதற்கு விடையோடுதான் என் உரை முடியப்போகிறது. பயப்படாதீர்கள், சாப்பாடு போதும்.

இப்போது கொஞ்சம் சிரிப்பை ஓரமாக வைக்கிறேன். தொடர் முடிந்தது. சின்னையா அண்ணன் வேறு பாத்திரம் கேட்டுப் போனார். ஓர் அப்பா, ஒரு நோயாளி, ஒரு வில்லன், எதுவானாலும் சரி என்றார். போன இடமெல்லாம் ஒரே பதில்: "ஒங்க மொகத்தப் பாத்தாலே சிரிப்பு வருதுண்ணே." பாராட்டு மாதிரிக் கதவைச் சாத்தினார்கள். எந்த முகத்தை அவர் இழைத்து இழைத்து உருவாக்கினாரோ, அந்த முகமே அவருக்குப் பூட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் வீடு தேடி வந்தது ஹம்பர் மட்டும்தான்.

அண்ணனின் மனைவி இறந்தபோது நான் போயிருந்தேன். அவர் வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி உள்ளே வந்தார், அண்ணனின் முகத்தைப் பார்த்தார், அவரை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், பழகிப்போன முகம். வாயைப் பொத்திக்கொண்டு அந்த அம்மா அப்படியே சிலையாகிவிட்டார். வீடே அவரை முறைத்தது. அப்போது சின்னையா அண்ணன் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தார். ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். தலைவர் கதிரேசனாக நிமிர்ந்து, "உக்காருங்கம்மா, இது கெட்டியாத்தான் இருக்கு" என்றார். வீட்டில் எல்லாருக்கும் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அந்த அம்மாவின் தலை நிமிர்ந்தது. சிரித்தவர் வெட்கப்படக் கூடாதே என்று, உடைந்துகொண்டிருந்த ஒரு மனிதர் அந்த நேரத்தில் வேடம் போட்டார். பிறகு சமையற்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அவர் தம் சொந்த முகத்தோடு நாலு பேர் முன்னால் அழக்கூட நாம் இடம் வைக்கவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

சிறப்பு விருந்தினர் கைக்குட்டையை எடுக்கிறார். இளகிய மனம் படைத்தவர்.

சரி. பேச்சை முடிக்கிறேன். கோகுலன் தம்பி என் காதில் கேட்ட சந்தேகத்தை இப்போது ஒலிபெருக்கியிலேயே சொல்கிறேன். "அக்கா, டத்தோவோட உதவியாளர் இப்பத்தான் போன் பண்ணாரு. டத்தோ இன்னும் கடல் பாலத்துலதான் இருக்காராம், பயங்கர ஜாமாம். அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாருக்கா?"

அமைதி. அமைதி. யாரும் எழ வேண்டாம். தலைவர் அவர்களே, நீங்களும் உட்காருங்கள், இடுப்பு.

கோலாலம்பூரிலிருந்து வரவேண்டிய டத்தோவை நம்மில் யாரும் நேரில் பார்த்ததில்லை. கருப்புக் கார் வந்து நின்றால் உறுமியை அடி என்று மேளக்காரர்களுக்குக் கட்டளை. கருப்புக் கார் வந்தது. உறுமி முழங்கியது. பாத்திக் சட்டை போட்ட ஒரு பெரியவர் இறங்கினார். தலைவர் ஓடிப்போய்க் கார்க் கதவைத் தாமே திறந்தார். அது கிராப் வாடகைக் கார் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பெரியவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அக்கா ஜெகதீஸ்வரி அந்த வாயில் கற்கண்டைப் போட்டார். மறுபடி திறந்தார். மாலை விழுந்து முகத்தை மூடியது. வாசல் தூண் பக்கம் நின்ற நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஒரு புருவம் மெல்ல உயர்ந்தது. அவ்வளவுதான். அந்த நொடியில் முதுகு நிமிர்ந்தது, நடை மாறியது, கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. ஊரே வழி விட்டது. தம்பி இத்ரீஸை டத்தோவின் சொந்த ஓட்டுநர் என்று நினைத்து இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தீர்கள். பிள்ளை என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு அடுத்த டிரிப் இருக்குலா, விடச் சொல்லுங்க" என்று கெஞ்சியது. வடை வந்ததும் டிரிப்பை ரத்து செய்துவிட்டது.

மேடையில் ஏறியவர் உட்காரும் முன் என்ன செய்தார்? நினைத்துப் பாருங்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. டத்தோ ஆட்டினால் பாதுகாப்பு, கதிரேசன் ஆட்டினால் காமெடி. பொய்முடி இல்லை, மீசை இல்லை, கண்ணாடி இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் மீசையோடு சேர்த்து மழித்த முடி இன்னும் முளைக்கவில்லை. ஆனால் ஆள் அவரேதான். தம்பி கோகுலன், அடிக்கடி கடிகாரம் பார்க்கிறார் என்று என்னை அவசரப்படுத்தினீர்களே, அவருடைய அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். எல்லாருக்கும் காட்டுங்கள்.

கடிகாரம் இருக்கிறதா? இல்லை. ஆறிய தேநீரைச் சுடச் சுடக் குடித்த மனிதர், இல்லாத கடிகாரத்தில் மணி பார்த்தார். அதை நம்பி நம் பொருளாளர் என்னை இறங்கச் சொன்னார்.

தலைவர் அவர்களே, யுகேந்திரன் அண்ணே. உங்களைச் சிறுமைப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. ஏமாந்ததில் நீங்கள் தனியாள் இல்லை, இந்த மண்டபமே கூட இருக்கிறது. "எப்பேர்ப்பட்ட நடிகராலும் இதை நடித்துக் காட்ட முடியாது" என்று நீங்கள் சொன்னீர்கள். இதோ ஒருவர் நடித்துக் காட்டிவிட்டார். கண்ணீர் இல்லை, வயலின் இல்லை, வசனம் ஒன்றுகூட இல்லை. உங்கள் பக்கத்து நாற்காலியில், உங்கள் தோள் உரசும் தூரத்தில். இது வாயைக் கோணுவதா? வாழைப்பழத் தோலா? இதற்கு என்ன பெயர் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். அது ஒப்பந்தம். இந்தாருங்கள் ஒலிவாங்கி.

கேட்டீர்களா, அவையோரே? கேட்காதவர்களுக்காகத் தலைவர் இன்னொரு தடவை சொல்கிறார். "நடிகர் சின்னையா அவர்களை மேடையின் நடுவுக்கு அழைக்கிறேன்." காமெடி என்ற சொல் இல்லை. துணை என்ற சொல் இல்லை. நடிகர். அண்ணே, கூப்பிட்டுவிட்டார்கள். வாங்க.

அதோ, வெளியே உறுமி முழங்குகிறது. கருப்புக் கார் வந்துவிட்டது போலிருக்கிறது. அக்கா ஜெகதீஸ்வரி, பதறாதீர்கள். மாலை தீர்ந்துவிட்டது, பொன்னாடைக்கு ஆள் கிடைத்துவிட்டது. மேசையில் ஒரு ஹம்பர் சும்மா இருக்கிறது பாருங்கள், சிவப்பு நாடா போட்டு. அதைக் கொடுத்து டத்தோவை வரவேற்போம். அவர் நல்லவராக இருந்தால் சிரிப்பார். சிரிக்காவிட்டால், அவர் நடிக்கத் தெரியாதவர் என்று விட்டுவிடுவோம்.

தலைவர் பொன்னாடையைப் போர்த்துகிறார். சின்னையா அண்ணன் கும்பிடுகிறார். புருவம் உயரவில்லை, நாற்காலியைத் தேடவில்லை. கதிரேசன் இறங்கிப் போய்விட்டார், அங்கே நிற்பது வெறும் சின்னையா. அண்ணன் அழுகிறார், அவையோரே. இத்தனை பேருக்கு முன்னால், சமையற்கட்டுக் கதவைச் சாத்தாமல், தம் சொந்த முகத்தோடு அழுகிறார். முன் வரிசை பார்க்கிறது, பின் வரிசை கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறது, தம்பி இத்ரீஸ் வடையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்.

இந்த மண்டபத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதற்காக உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. சாப்பாட்டுக் கூடத்தைத் திறக்கப் போகிறேன், அண்ணன் அழுது முடிக்கட்டும். வணக்கம்.